ஜன்னல் விளக்குகளை எண்ணியவர்கள்

2025 மார்ச்சில் ஒலெக் கோர்டியெவ்ஸ்கி இங்கிலாந்தில் இறந்துபோன செய்தி வந்தபோது அதை நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "எந்தப் பக்கம் நின்றாலும் துரோகி துரோகிதான்." வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர், யோசித்துப் பேசுகிறவர். அதனாலேயே அந்த வரியைத் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே இன்னொன்றையும் கேட்டார். சோவியத் உளவுத்துறையில் கர்னலாக இருந்துகொண்டே பிரிட்டனுக்கு ரகசியம் கொடுத்த கோர்டியெவ்ஸ்கியை வீரர் என்கிறோம், அமெரிக்க உளவுத்துறையில் இருந்துகொண்டே மாஸ்கோவுக்கு ரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸை மட்டும் ஏன் கயவன் என்கிறோம்? செய்த வேலை ஒன்றுதானே?

சட்டென்று சொல்லக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது. ஏம்ஸ் பணத்துக்காகச் செய்தார். இருபது லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார். அவர் கொடுத்த பெயர்ப் பட்டியலால் குறைந்தது பத்துப் பேர் சோவியத் யூனியனில் கொல்லப்பட்டார்கள். கோர்டியெவ்ஸ்கி அப்படி இல்லை. 1961-இல் பெர்லின் சுவர் எழும்பியதை நேரில் பார்த்தவர், 1968-இல் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்ததும் மனம் முறிந்தவர், 1974-இல் கோபன்ஹேகனில் இருந்தபோது பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையான எம்.ஐ.6 பக்கம் போனவர். மனசாட்சிக்காகச் செய்தார் என்று முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மனசாட்சியோடு செய்த கேடுகள் வரலாற்றில் ஏராளம். அவருடைய முடிவுக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. 1985 ஜூலையில் ஒரு காரின் டிக்கியில் ஒளிந்து பின்லாந்து எல்லையைக் கடந்து அவர் தப்பியபோது, மனைவியும் இரண்டு மகள்களும் சோவியத் மண்ணிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஆறு வருடம் கழித்துத்தான் அவர்களை வெளியே விட்டார்கள். அதற்குள் அந்தக் குடும்பத்தில் ஒட்ட வைக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஆகவே ஆளை எடைபோடுவதை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கொடுத்த தகவல் என்ன செய்தது என்று பார்க்கலாம் என்று தோன்றியது. அங்கே போனால் நம்மை எதிர்கொள்வது கோர்டியெவ்ஸ்கி இல்லை, ஓர் உத்தரவு. மாஸ்கோவிலிருந்து, சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.க்கு உலகம் முழுவதும் இருந்த கிளைகளுக்குப் போன உத்தரவு. அதைப் படித்த பிறகுதான், வல்லரசுகளின் இன்றைய போட்டியில் என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது எது என்று எனக்கே தெளிவானது.

ரியான்

1981 மே மாதம். மாஸ்கோவில் கே.ஜி.பி. அதிகாரிகளின் மூடிய கூட்டம். அதன் தலைவர் யூரி ஆந்த்ரபோவ் எழுந்து, அமெரிக்க அதிபர் ரீகனின் புதிய அரசு சோவியத் யூனியன்மீது முதலில் அணு ஆயுதத் தாக்குதல் நடத்தத் தயாராகிக்கொண்டிருக்கிறது என்கிறார். அதற்கான அறிகுறிகளைத் தேடுவதுதான் இனி வெளிநாட்டில் உள்ள எல்லோருக்கும் முதல் வேலை. இந்த வேலைக்கு ரியான் என்று பெயர் வைத்தார்கள். அணு ஏவுகணைத் தாக்குதல் என்பதற்கான ரஷ்யச் சொற்களின் முதலெழுத்துகள் அவை.

1983 பிப்ரவரியில் லண்டன் கிளைக்கு விரிவான பட்டியல் வந்தது. அப்போது அங்கே பணியில் இருந்த கோர்டியெவ்ஸ்கி அதை அப்படியே எம்.ஐ.6-இடம் கொடுத்துவிட்டதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. பாதுகாப்பு அமைச்சகத்தில் இரவில் எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று பார்க்க வேண்டும். முக்கிய அதிகாரிகளின் கார்கள் எப்போது வருகின்றன, எப்போது போகின்றன என்று குறிக்க வேண்டும். ரத்த தானம் நடக்கும் இடங்களைக் கண்காணிக்க வேண்டும், ரத்தத்துக்குக் கொடுக்கும் விலை ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். பிரிட்டனில் ரத்தம் கொடுப்பவர்களுக்குக் காசு கொடுப்பதே கிடையாது என்பது அந்த உத்தரவை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இறைச்சிக்காக மாடுகளைக் கூட்டமாக வெட்டிக் குளிர்பதனக் கிடங்குகளில் அடுக்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். திருச்சபைத் தலைவர்களுக்கும் பெரிய வங்கியாளர்களுக்கும் போர் பற்றி முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லியிருப்பார்கள், அவர்களையும் நெருங்கிப் பாருங்கள் என்றும் அதில் இருந்தது.

ஒரு கே.ஜி.பி. அதிகாரி சாயங்காலம் வேலையை முடித்துவிட்டு அமைச்சகம் இருக்கும் தெருவழியே நடந்துபோவதை நினைத்துப் பாருங்கள். மேலே அண்ணாந்து மூன்றாவது மாடியில் நான்கு விளக்கு, ஐந்தாவது மாடியில் ஏழு விளக்கு என்று எண்ணுகிறார். அந்த நேரத்தில் உள்ளே இருப்பது துப்புரவுப் பணியாளர்களாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றாமலா இருக்கும்? ஆனால் படிவம் கேட்பது எண்ணிக்கையை. விளக்கு கூடியிருந்தால் அது செய்தி. குறைந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. இவர்களில் பலருக்கு ரியானில் நம்பிக்கையே இல்லை என்று கோர்டியெவ்ஸ்கி பிற்பாடு சொன்னார். அந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள் அவர்கள், அங்கே யாரும் போருக்குத் தயாராகவில்லை என்பது கண்ணுக்கே தெரிந்தது. இருந்தும், மேலிடம் கேட்டதை அனுப்பாமல் இருந்தால் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடும். எனவே கண்ணில் பட்டதையெல்லாம் அனுப்பினார்கள். அப்படி அனுப்பியதையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து மாஸ்கோ மேலும் பயந்தது. அந்தப் பயத்தில் இன்னும் கடுமையான உத்தரவு அனுப்பியது. அதற்குப் பதிலாக இன்னும் அதிகமான அறிக்கைகள் வந்தன.

இதில் கணினிக்கும் ஒரு பங்கு இருந்தது. பொருளாதாரம், ராணுவம், அரசியல் என்று சுமார் 40,000 அம்சங்களை எடைபோட்டு, இரு வல்லரசுகளின் பலத்தையும் ஒப்பிடும் ஒரு மாதிரியைக் கே.ஜி.பி. வைத்திருந்தது. அமெரிக்காவின் பலம் 100 என்று வைத்துக்கொண்டால் சோவியத் பலம் குறைந்தது 60 இருக்க வேண்டும், இருந்தால் பயமில்லை என்பது கணக்கு. 1984 வாக்கில் அது 45 என்று காட்டியது. எண் வந்துவிட்டது என்றால் அதோடு யாரும் வாதாட முடியாது. அந்த எண்ணுக்குள் போன 40,000 அம்சங்களில் எத்தனை, யாரோ ஒருவர் தன் மேலதிகாரியைத் திருப்திப்படுத்த எழுதியவை என்று அந்த மாதிரி சொல்லப்போவதில்லை.

குறளில் ஒற்றாடல் அதிகாரத்தில் இதற்கு நேராகப் பொருந்தும் ஓர் இடம் இருக்கிறது. "ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர் சொற்றொக்க தேறப் படும்." மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துவந்தால் நம்பலாம், ஆனால் ஒருவரை ஒருவர் அறியாதபடி அவர்களை வைத்திருக்க வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது நமக்குப் பதிந்ததெல்லாம் மூவர் என்ற எண்ணிக்கை. முன்னால் இருக்கும் நிபந்தனைதான் முக்கியம். லண்டன், வாஷிங்டன், மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பான் என்று தனித்தனியாக வந்த அறிக்கைகள் ஒத்துப்போனதை மாஸ்கோ உறுதியான ஆதாரமாக எடுத்துக்கொண்டது. அவை அத்தனையும் ஒரே உத்தரவுக்கு வந்த பதில்கள். எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டாலும், என்ன எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்துதான் போயிருந்தது. அங்கே மூவரும் இல்லை, முந்நூறு பேரும் இல்லை. இருந்தது ஒரே ஒரு குரல்.

1983 இலையுதிர்காலம்

அந்த வருடம் நடந்ததைப் பலரும் எழுதிவிட்டார்கள், வேகமாகக் கடந்துவிடுகிறேன். மார்ச்சில் ரீகன் சோவியத் யூனியனைத் தீய பேரரசு என்றார். அதே மாதம் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை அறிவித்தார். செப்டம்பர் 1-இல் வழிதவறி வந்த கொரியப் பயணிகள் விமானத்தைச் சகலின் தீவுக்கு அருகே சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது, 269 பேர் இறந்தார்கள். செப்டம்பர் 26 நள்ளிரவுக்குப் பின், சோவியத் ஏவுகணை எச்சரிக்கை மையத்தில் பணியில் இருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவின் திரையில் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் செயற்கைக்கோள் காட்டியது. அது தவறான எச்சரிக்கை என்று முடிவெடுத்து அவர் அப்படியே மேலே சொன்னார். மேகங்களின் உச்சியில் பட்ட சூரிய ஒளியை அந்தக் கருவி ஏவுகணை என்று எண்ணியிருந்தது.

நவம்பர் 7 முதல் 11 வரை, மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ, ஏபிள் ஆர்ச்சர் என்ற பயிற்சியை நடத்தியது. படைகள் களத்தில் இறங்கும் பயிற்சி இல்லை அது. கட்டளை மையங்களில் அமர்ந்தபடி, ஒரு போர் எப்படி அணு ஆயுதம் வரை போகும், அதற்கு அனுமதி கேட்டுச் செய்தி எப்படிப் போகும், எப்படி வரும் என்று பார்ப்பது. வருடா வருடம் நடப்பதுதான். ஆனால் அந்த வருடம் செய்திகளின் வடிவத்தை மாற்றியிருந்தார்கள், நடுவே வானொலி மௌனமும் இருந்தது. ரியான் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்! பயிற்சி என்ற போர்வையில் நிஜத் தாக்குதலைத் தொடங்குவார்கள் என்பது சோவியத் தளபதிகளின் பழைய அச்சம். நவம்பர் 8-9 இரவில் மாஸ்கோ தன் கிளைகளுக்கு அவசரத் தந்தி அனுப்பியது. அமெரிக்கத் தளங்கள் உஷார் நிலைக்குப் போய்விட்டன என்றது அது. அப்படி எதுவும் நடந்திருக்கவில்லை. போலந்திலும் கிழக்கு ஜெர்மனியிலும் சோவியத் விமானப் படைப் பிரிவுகள் அணு ஆயுதத்தோடு பறக்கும் தயார்நிலைக்கு வந்தன.

இந்தக் கதையில் நான் நின்று பார்க்கும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் இருந்த அமெரிக்க விமானப் படையின் உளவுப் பிரிவுத் தலைவர் லியனார்ட் பெர்ரூட்ஸ். எதிர்ப்பக்கம் தயாராகிறது என்ற அறிகுறிகள் அவருக்கு வந்தன. அப்படி வந்தால் நம் பக்கத்தையும் ஒரு படி உயர்த்துவதுதான் வழக்கம். அவர் வேண்டாம் என்றார், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார். பயிற்சி முடிந்தது, இரு பக்கமும் தணிந்தது. பெர்ரூட்ஸ் அன்று எடுத்த முடிவு நல்லது, ஆனால் நிலைமை எவ்வளவு கடுமையானது என்ற முழு விவரமும் தெரியாமல், உள்ளுணர்வில் எடுத்த முடிவு என்று 1990-இல் அமெரிக்க அதிபரின் உளவு ஆலோசனைக் குழு எழுதியது. அந்த அறிக்கை 2015-இல்தான் வெளியானது. அன்று போர் எவ்வளவு அருகில் வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. அவ்வளவு அபாயம் இல்லை என்பவர்களும் கனமான வாதங்களோடுதான் பேசுகிறார்கள். சரி, அவர்கள் சொல்வதையே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்று மிஞ்சும்: எதிரி நிஜமாகவே பயந்துபோயிருக்கிறான் என்பது பெர்ரூட்ஸுக்குத் தெரியாது. அது தெரிந்தவர் லண்டன் சோவியத் தூதரகத்தில் இருந்தார், அவர் சொல்லியும் வந்தார்.

கோர்டியெவ்ஸ்கி கொடுத்தவற்றில் பெரிய விஷயம் இதுதான் என்பது என் எண்ணம். ஏவுகணை வரைபடமோ பெயர்ப் பட்டியலோ இல்லை. "அவர்கள் பயப்படுகிறார்கள், நடிக்கவில்லை" என்ற செய்தி. அமெரிக்க உளவுத்துறையில் பலரும் அதை முதலில் நம்பவில்லை. சோவியத் பிரசாரம் என்று நினைத்தார்கள், 1984-இல் அதிகாரபூர்வ மதிப்பீடே அப்படித்தான் வந்தது. பிரிட்டனின் மார்கரெட் தாட்சர் நம்பினார். ரீகனும் 1983 நவம்பர் 18-ஆம் தேதி தன் நாட்குறிப்பில், தாங்கள் தாக்கப்படுவோம் என்ற அச்சத்தில் சோவியத்காரர்கள் ஊறிப்போயிருக்கிறார்கள், இங்கே யாருக்கும் அப்படி எண்ணமில்லை என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற பொருளில் எழுதிவைத்தார். 1984 ஜனவரியில் அவர் ஆற்றிய உரையின் தொனியே வேறாக இருந்தது. அந்த வருடம் டிசம்பரில் கோர்பச்சேவ் லண்டன் வந்தபோது, அவருக்கான குறிப்புகளைத் தயாரித்தவர்களில் கோர்டியெவ்ஸ்கி ஒருவர். பிரிட்டன் பேச விரும்புவது என்னென்ன என்று எம்.ஐ.6 அவரிடம் சொன்னது. கோர்பச்சேவ் என்ன எதிர்பார்க்கிறார் என்று அவர் எம்.ஐ.6-இடம் சொன்னார். ஒரே மனிதர் மேஜையின் இரண்டு பக்கத்துக்கும் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எதிர்ப்பக்கத்து ஒற்றர்

இதோடு நிறுத்தியிருந்தால் நண்பருக்கு ஒரு நல்ல பதில் கிடைத்திருக்கும். ஆனால் இதே நாட்களில் பிரஸ்ஸல்ஸில், நேட்டோ தலைமையகத்துக்குள்ளேயே இன்னொருவர் இருந்தார். ரைனர் ருப். மேற்கு ஜெர்மனிக்காரர். 1977 முதல் அங்கே அதிகாரி. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறைக்காக ஆவணங்களைப் படமெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். டோபாஸ் என்பது அவருடைய மறைபெயர். தாக்குதல் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று அவரிடமும் கேட்டார்கள். எதுவும் இல்லை, நேட்டோ தாக்கப்போவதில்லை என்று அவர் சொல்லியனுப்பினார். அவரே பிற்காலத்தில் சொன்ன கதை இது. 1994-இல் ஜெர்மனி அவரைத் தேசத் துரோகத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டு சிறைக்கு அனுப்பியது. கிழக்கு ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுப் பிரிவில் அவருக்கு மேலே தலைவராக இருந்த மார்க்குஸ் வுல்ஃப், ரியான் வேலையெல்லாம் நேர விரயம் என்றே தான் கருதியதாகப் பின்னாளில் எழுதினார்.

ருப்பைப் பற்றிப் படித்ததும் என் கணக்கு மாறியது. கோர்டியெவ்ஸ்கி அமைதிக்கு உதவினார் என்றால் ருப்பும் உதவினார். ஒருவர் மேற்குக்கு "அவர்கள் பயந்திருக்கிறார்கள்" என்றார். இன்னொருவர் கிழக்குக்கு "இவர்கள் தாக்கப்போவதில்லை" என்றார். இரண்டும் உண்மை. இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். ருப் கொடுத்த மற்ற ஆவணங்கள், போர் வந்திருந்தால் ஆயிரக்கணக்கானோர் சாகக் காரணமாகியிருக்கும் என்பதையும் மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் 1983 நவம்பரில், எதிரியின் வீட்டுக்குள் இருந்து "இங்கே ஒன்றுமில்லை" என்று உண்மையைச் சொல்லக்கூடிய ஓர் ஆள் இருந்தது இரண்டு பக்கத்து மக்களுக்குமே நல்லதாக இருந்தது. விளக்கு எண்ணியவர்கள் யாரும் அந்த வாக்கியத்தை எழுதவில்லை. துரோகி என்று தண்டிக்கப்பட்ட இருவர் எழுதினார்கள்.

இதிலிருந்து ஒற்றர்களைக் கொண்டாட வேண்டும் என்பதற்கு நான் வரவில்லை. ஒரு நாட்டின் உயிர், பிடிபட்டால் சுடப்படப்போகும் ஒரு தனிமனிதரின் துணிச்சலில் தொங்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். வல்லரசுகளே ஒரு காலத்தில் இதைப் புரிந்துகொண்டிருந்தன, அதுதான் ஆச்சரியம்.

பார்க்க அனுமதித்த காலம்

1950-களின் கடைசியில் சோவியத்திடம் நூற்றுக்கணக்கில் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் வந்துவிடும், நாம் பின்தங்கிவிட்டோம் என்று அமெரிக்கா நடுங்கியது. 1960 தேர்தலில் கென்னடி அதை வைத்தே பிரசாரம் செய்தார். 1960 ஆகஸ்ட் 19-ஆம் தேதி, சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 உளவு விமானத்தின் ஓட்டி கேரி பவர்ஸுக்கு மாஸ்கோவில் தண்டனை அறிவிக்கப்பட்டது. அதே தேதியில் பசிபிக் கடலுக்கு மேலே, அமெரிக்காவின் கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோள் அனுப்பி, பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்த படச்சுருளை ஒரு விமானம் நடுவானில் கொக்கி போட்டுப் பிடித்தது. அந்த ஒரு சுருளில், அதுவரை பறந்த எல்லா யு-2 விமானங்களும் சேர்ந்து எடுத்ததைவிட அதிகமான சோவியத் நிலம் பதிவாகியிருந்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் வந்த மதிப்பீடு, சோவியத்திடம் இருப்பவை 10 முதல் 25 வரைதான் என்றது. 1967-இல் அதிபர் ஜான்சன் ஒரு கூட்டத்தில் இதை மனம் திறந்தே சொன்னார்: நம் ஊகங்கள் எங்கேயோ இருந்தன, தேவையில்லாத பயங்களை வைத்துக்கொண்டு தேவையில்லாதவற்றைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் 1972-இல் மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தங்களில், நான் எப்போதும் வியக்கும் ஒரு விதி வந்தது. ஒருவர் செயற்கைக்கோளை இன்னொருவர் தொந்தரவு செய்யக் கூடாது. வானிலிருந்து பார்ப்பதைத் தடுக்க எதையும் வேண்டுமென்றே மறைக்கவும் கூடாது. இரண்டு எதிரிகள், என்னை உளவு பார்க்கலாம், நானும் பார்ப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1990-களில் அரிசோனா பாலைவனத்தில் இருக்கும் டேவிஸ்-மான்தன் தளத்தில் பி-52 குண்டுவீச்சு விமானங்களை அழித்தபோது இந்த விதியின் உச்சத்தைப் பார்த்தோம். சுமார் ஆறு டன் எடையுள்ள எஃகுக் கத்தியைக் கிரேனில் தூக்கி, விமானத்தின் உடல்மீது விழவிட்டு வெட்டினார்கள். இறக்கை தனி, வால் தனி, முன்பகுதி தனி. வெட்டிய துண்டுகளை அப்படியே மணலில் 90 நாள் போட்டுவைத்தார்கள். ரஷ்யச் செயற்கைக்கோள் மேலே கடந்துபோகும்போது எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

அதற்குப் பிறகு, அமெரிக்காவும் ரஷ்யாவும் தங்கள் நீண்ட தூர அணு ஆயுதங்களுக்கு வரம்பு வைத்துச் செய்துகொண்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 18 முறை நேரில் போய்ச் சோதிக்கலாம். சோதனைக் குழு எதிரியின் தளத்துக்குப் போகும், ஒரு ஏவுகணையைக் கைகாட்டும். தளத்துக்காரர்கள் அதன் முன்பகுதியைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே இருக்கும் அணுகுண்டுகளின் மேல் உறை போட்டிருப்பார்கள், வடிவமைப்பு ரகசியம். உறைக்கு அடியில் எத்தனை புடைப்பு தெரிகிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டு, ஏற்கனவே கொடுத்த கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இங்கேயும் எண்ணுகிறார்கள்தான். லண்டன் தெருவில் எண்ணியவருக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம், "சரியாக இருக்கிறது" என்பதும் இந்தப் படிவத்தில் ஒரு முழுமையான பதில். ஒப்பந்தம் நடந்த காலத்தில் இப்படி 328 சோதனைகளும், 25,000-க்கு மேற்பட்ட அறிவிப்புப் பரிமாற்றங்களும் நடந்தன.

இப்போது

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் அந்தச் சோதனைகள் நின்றன, மறுபடி தொடங்கவே இல்லை. 2023 பிப்ரவரியில் ரஷ்யா ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. 2026 பிப்ரவரி 5-இல் அதன் காலமே முடிந்துவிட்டது. இதற்கு முன்பே, நடுத்தர தூர ஏவுகணை ஒப்பந்தம் 2019-இல் போனது. ஆயுதமில்லாத விமானத்தில் ஒருவர் நாட்டின்மேல் ஒருவர் பறந்து படமெடுக்க அனுமதித்த திறந்த வானம் ஒப்பந்தத்திலிருந்து 2020-இல் அமெரிக்கா விலகியது, அடுத்த வருடம் ரஷ்யா விலகியது. சீனாவோடு இப்படிப்பட்ட சோதனை ஏற்பாடு என்றைக்குமே இருந்ததில்லை. 2021-இல் கான்சுவில் யூமென் அருகே சுமார் 120 ஏவுகணைக் குழிகளும், சிஞ்சியாங்கில் ஹாமி அருகே சுமார் 110 குழிகளும் கட்டப்படுவதை உலகுக்குச் சொன்னவர்கள் தனியார் செயற்கைக்கோள் படங்களை வாங்கிப் பார்த்த ஆய்வாளர்கள். குழிகள் தெரிந்தன. அவற்றில் எத்தனையில் ஏவுகணை இருக்கும், எதற்காக என்பதைப் படம் சொல்லாது.

பார்க்கும் கண்கள் கூடிவிட்டன, இனி யாரும் எதையும் மறைக்க முடியாது, ஆகவே நிம்மதி என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2020 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா தங்களைத் தாக்கப்போகிறது என்று சீனத் தலைமை அஞ்சுவதாக உளவுத் தகவல் வந்தது. அமெரிக்கக் கூட்டுப்படைத் தலைவர் மார்க் மில்லி அக்டோபர் 30-ஆம் தேதி சீனத் தளபதி லி சுவோசெங்கைத் தொலைபேசியில் அழைத்து அப்படி எண்ணமில்லை என்றார். 2021 ஜனவரி 8-ஆம் தேதி மறுபடி பேசினார். அந்த ஆண்டு செப்டம்பரில் செனட் குழு முன் அவரே இதை விளக்கினார். முப்பத்தேழு வருடம் கழித்து, வேறு ஒரு நாட்டில், அதே பயம். இந்தத் தடவை எதிரி பயந்திருக்கிறான் என்ற செய்தி சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது, அவர் அதை நம்பினார், பேசினார். அதற்கு என்ன கிடைத்தது? துரோகம் என்றார்கள், பதவியைப் பறிக்க வேண்டும் என்றார்கள். எதிரியின் பயத்தைத் தணிப்பதே துரோகம் என்று எண்ணும் அரசியல் எந்த நாட்டில் வந்தாலும் எனக்கு நடுக்கம் வருகிறது.

பேசுவதற்கான வழியும் அடிக்கடி அடைபடுகிறது. 2023 பிப்ரவரியில் சீன பலூனை அமெரிக்கா சுட்டு வீழ்த்திய அன்று, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் சீனப் பாதுகாப்பு அமைச்சரோடு பேசக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். ரஷ்யாவோடு பெரும்பாலான கதவுகள் சாத்தியிருந்த 2022 நவம்பரில், சி.ஐ.ஏ. தலைவர் பர்ன்ஸும் ரஷ்ய வெளிநாட்டு உளவுத் தலைவர் நரிஷ்கினும் அங்காராவில் சந்தித்தார்கள். அணு ஆயுதம் பற்றிய எச்சரிக்கை அந்த வழியிலும் போனது. தூதர்கள் பேச முடியாத காலத்தில் ஒற்றர் தலைவர்கள் பேசினார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் கடைசி ஜன்னல் அது ஒன்றுதான் என்றால் வீட்டுக்குள் காற்று போதாது.

கணினி மாதிரி விஷயமும் திரும்பி வந்திருக்கிறது. படங்களையும் சமிக்ஞைகளையும் மனிதர்களைவிட வேகமாக இயந்திரங்கள் அலசுகின்றன. அமெரிக்க ராணுவம் 2017-லேயே மேவன் திட்டத்தைத் தொடங்கிவிட்டது, மற்றவர்களும் சும்மா இல்லை. அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர்கள் கையிலேயே இருக்கும் என்று 2024 நவம்பரில் லிமாவில் அமெரிக்க அதிபராக இருந்த பைடனும் சீன அதிபர் ஷியும் ஒப்புக்கொண்டார்கள், அது பெரிய விஷயம். என் கவலை பொத்தானைப் பற்றியது இல்லை, அதற்கு முந்தைய இடத்தைப் பற்றியது. தாக்குதலுக்கான அறிகுறியைத் தேடு என்று மட்டும் சொல்லிக்கொடுத்த இயந்திரம் 40,000 அம்சங்களுக்குப் பதில் நாலு கோடி அம்சங்களில் தேடும். தேடினால் கிடைக்கும். பெட்ரோவ் நாற்காலியில் மனிதர் இருக்கலாம். அவர் முன்னால் வரும் எண், விளக்குகளை எண்ணியவர்களின் எண் மாதிரியே வந்திருந்தால் அவர் என்ன செய்வார்?

அதனால் நண்பரிடம் சொல்ல என்னிடம் இருப்பது தீர்ப்பு இல்லை, ஒரு கோரிக்கை. அது பெரிய ஆயுதக் குறைப்பும் இல்லை. முதலில் பார்வையாளர்களைத் திரும்ப அனுப்புங்கள். எண்ணிக்கை வரம்பு பற்றிய பேரம் வருடக்கணக்கில் இழுக்கும், இழுக்கட்டும். உறைக்கு அடியில் உள்ள புடைப்புகளை எண்ணும் குழு அதற்கு முன்பே போகலாம். நீண்ட தூர ஏவுகணைச் சோதனை நடத்தும்போது முன்கூட்டியே சொல்லும் 1988 உடன்பாட்டை, மற்ற எல்லாம் உடைந்த பிறகும் கடைப்பிடிப்பதாக ரஷ்யா 2023-இல் சொன்னது. ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் இடையே 2009 முதல் அதே போன்ற உடன்பாடு இருக்கிறது. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே இல்லை. 2024 செப்டம்பர் 25-இல், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சீனா ஒரு கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைப் பசிபிக் கடலுக்குள் ஏவியபோது, அமெரிக்காவுக்கு முன்னறிவிப்புக் கொடுத்தது. எந்த ஒப்பந்தமும் கட்டாயப்படுத்தாமல் கொடுத்தது. அன்று அப்படிக் கொடுத்ததை, அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் கொடுப்போம் என்று இரண்டு நாடும் எழுத்தில் போட்டுக்கொள்வதற்கு எந்தக் குண்டையும் குறைக்க வேண்டியதில்லை, எந்த ரகசியத்தையும் திறக்க வேண்டியதில்லை.